ஜாங்கிரி இட்ட ஏழு முட்டை

பல்லடமா நீங்கள்? அப்படியானால் பொங்கியண்ணனைத் தெரிந்திருக்குமே. கோழிக்குஞ்சு பொரிக்கிற ஹேச்சரி வைத்திருக்கிறவர். வாசலில் ஆள் உயரத்துக்குச் சிமெண்டுச் சேவல் ஒன்று நிற்கும், அந்த ஹேச்சரி. எனக்கு முதலில் துரோகம் செய்தவர் அவர்தான். மற்றதெல்லாம் அதற்கப்புறம் வந்தது. எந்தக் கதையானாலும் நான் அவரிடமிருந்துதான் ஆரம்பிப்பேன். என் மருமகள் சிரிப்பாள். "மாமா, காய்ச்சல் வந்தாக்கூட நீங்க பொங்கியண்ணனத் திட்டிட்டுத்தானுங்க மாத்திரை முழுங்குவீங்க" என்பாள்.

உங்கள் டோக்கன் எத்தனை? இருபத்தாறா. எங்களுக்கு இருபத்துமூன்று. இப்போதுதான் பத்தொன்பது உள்ளே போயிருக்கிறது. கிளி கொண்டுவந்தவர் அவ்வளவு சீக்கிரம் வெளியே வரமாட்டார், கிளியை விட அவர்தான் அதிகம் பேசுகிறார். மருமகள் எதிர்க்கடையில் ஜெராக்ஸ் எடுக்க நிற்கிறாள். வனத்துறையில் பதிந்த சீட்டை டாக்டர் கேட்பாராம்.

பையில் என்ன என்றுதானே பார்க்கிறீர்கள்? நாயைக் கொஞ்சம் அந்தப் பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். தலையணை உறைதான், வாயைக் கட்டியிருக்கிறேன். உள்ளே பாம்பு. அட, எழுந்திருக்காதீர்கள். விஷமில்லாதது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இனம். பால் பைத்தான், பந்துப் பாம்பு என்பார்கள். பயந்தால் சீறாது, கடிக்காது, தலையை உள்ளே வைத்துப் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும். இந்த வீட்டில் என்னை விடச் சாது இதுதான் என்று என் வீட்டுக்காரியே சொல்லியிருக்கிறாள். பேர் ஜாங்கிரி. சுருண்டு கிடந்தால் அப்படித்தான் இருக்கும். ஆண் ஒன்று வீட்டில் இருக்கிறது, அதன் பேர் முறுக்கு. எல்லாம் மருமகள் வைத்த பேர்.

இதற்கு நோய் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியும். இல்லாத நோயைத் தேடித்தான் வந்திருக்கிறோம்.

பொங்கியண்ணனைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அவருடைய ஹேச்சரியில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். முட்டை திருப்புகிற வேலை. சிரிக்காதீர்கள், அது பெரிய வேலை. அடை காக்கிற கோழி சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கிறோம். அது அலகால் முட்டையைப் புரட்டிக்கொண்டே இருக்கும். புரட்டாவிட்டால் குஞ்சு ஓட்டோடு ஒட்டிச் செத்துப்போகும். கோழி செய்வதை நான் கையால் செய்தேன். பென்சிலால் முட்டையின் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் சைபர். காலையில் பெருக்கல் மேலே இருந்தால் மத்தியானம் சைபர் மேலே, சாயங்காலம் மறுபடி பெருக்கல். அப்புறம் தட்டைச் சாய்க்கிற மெஷின் வந்தது. அப்போதும் நான்தான் அதற்கு ஆள்.

ஒரு கார்த்திகையில் புயல் அடித்து மூன்று நாள் கரண்டு இல்லை. ஜெனரேட்டரும் படுத்துவிட்டது. உள்ளே நாலாயிரத்து எண்ணூறு முட்டை. கரி அடுப்பு மூட்டினேன், தகர டின்களில் வெந்நீர் வைத்தேன், ஒவ்வொரு தட்டையும் கையால் சாய்த்தேன். மூன்று நாளும் வீட்டுக்குப் போகவில்லை. நாலாயிரத்துக்கு மேல் பொரித்தது. பொங்கியண்ணன் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். "சென்னியப்பா, இது கையில்லடா, கோழியோட றெக்கை. முப்பதாவது வருச விழா வருதில்ல, மைக்குல எல்லார்த்துக்கும் முன்னால உன்ற பேரச் சொல்றேன் பாரு" என்றார்.

விழா நடந்தது. நான் புது வேட்டி. என் வீட்டுக்காரி கல்யாணப் பட்டு. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். மனுஷன் அரை மணி நேரம் பேசினார். குலதெய்வத்துக்கு நன்றி சொன்னார், பேங்க்காரருக்குச் சொன்னார், தீவன ஏஜெண்டுக்குச் சொன்னார், பந்தல் போட்டவனுக்குக்கூடப் பேர் சொல்லி நன்றி சொன்னார். நான் எழுந்து கும்பிடுவதற்காகத் துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்திருந்தேன். அந்தத் துண்டு மடியிலேயே கிடந்தது. திரும்பி வருகிற வழியில் என் வீட்டுக்காரி, "மறந்திருப்பாரு, உடுங்க" என்றாள். நான் விடவில்லை. மறுவருஷம் தானாகவே திருப்புகிற மெஷின் வாங்கினான். "இனி முட்டை திருப்ப ஆள் எதுக்கு, சென்னியப்பன் முட்டை ஓடு கூட்டட்டும்" என்றான். அவன் இவன் என்கிறேன், பரவாயில்லை. ஓடு கூட்டாமல் வந்துவிட்டேன். ஒரு வார்த்தை, அவ்வளவுதான். மைக்கில் ஒரு வார்த்தை.

இருபது உள்ளே போகிறது. அந்தப் பூனைக்காரம்மா சீக்கிரம் வந்துவிடுவார்கள், ஊசி மட்டும்தானாம்.

பையன் மஸ்கட்டில் இருக்கிறான். நாங்கள் இங்கே கோயமுத்தூரில் மருமகளோடு இருக்கிறோம். வாணி என்று பேர், முழுப்பேர் கோகிலவாணி. கம்ப்யூட்டர் வேலை. மற்ற வீடுகளில் சீர்வரிசையில் கட்டில் வரும், பீரோ வரும். எங்கள் வீட்டுக்கு இரண்டு பாம்பு வந்தது. என் வீட்டுக்காரி பாம்பைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஒருநாள் ஐஸ் எடுக்க ஃப்ரீசரைத் திறந்தபோது பாம்புக்கு வாங்கி வைத்திருந்த எலி, கவரில் விறைத்துக்கொண்டு கிடந்தது. "எலி இருக்கற பொட்டியில எனக்குத் தண்ணி வேண்டாம்" என்று துணிப்பையைத் தூக்கிக்கொண்டு தாராபுரத்துக்கு மகள் வீட்டுக்குப் போனவள்தான். நானும் மருமகளும் இரண்டு பாம்பும் என்று ஆகிவிட்டோம்.

போன மார்கழியில்தான் வாணி இரண்டையும் முதன்முறையாக ஜோடி சேர்த்தாள். ஆறு வருஷமாக வளர்க்கிறாள், குட்டி எடுத்ததில்லை. அவளுக்கு அது எப்படிப்பட்ட ஆசை என்று நான் பார்த்தேனே. ஒரு நோட்டுப் போட்டு எழுதினாள். எடை எழுதினாள், தோல் உரித்த தேதி எழுதினாள். தையிலிருந்து ஜாங்கிரி சாப்பாட்டை நிறுத்திவிட்டது. "முட்டை வெக்கறதுக்கு முன்னால அப்படித்தானுங்க மாமா" என்று சொல்லிவிட்டு அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. கல்யாணமாகி நாலு வருஷம், வீட்டில் தொட்டில் இல்லை என்று பேசுகிற சொந்தபந்தம், ஒரம்பரைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய வெறும் வாய்க்கு இது அவலாகிவிட்டது. "பாம்புக்குப் பிரசவம் பாக்கறா பாரு" என்று என் தங்கச்சியே சொன்னாள். அன்றைக்கு வாணிக்காக நான் என் தங்கச்சியோடு சண்டை போட்டேன். அதையும் சொல்ல வேண்டும். நான் அவளுக்குக் கெட்டவனில்லை.

சித்திரை பிறந்து ஐந்தாம் நாள் காலை. "மாமா, மாமா" என்று கத்தினாள். ஓடினேன். ஜாங்கிரி சுற்றிக்கொண்டு கிடக்கிறது, நடுவில் வெள்ளையாக. மெதுவாக ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து எடுத்தாள். ஏழு முட்டை. கோழிமுட்டை மாதிரி கெட்டி ஓடு கிடையாது, தோல் மாதிரி மெத்தென்று இருக்கும். ஐந்து தனித்தனி. இரண்டு மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்க வரவில்லை. அறையை இருட்டாக்கி, செல்போன் விளக்கை முட்டைக்கு அடியில் பிடித்தாள். "நீங்க பாருங்க மாமா, உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள்.

முப்பத்தொரு வருஷம் விளக்கில் முட்டை பார்த்தவன் நான். உள்ளே சிவப்பு நரம்பு படர்ந்திருந்தது. கோழிமுட்டையில் இருக்கிற அதே நரம்பு. "உசுரு இருக்குது கண்ணு. ஏழுலயும் இருக்குது" என்றேன். எட்டு வருஷமாக யாரும் என்னிடம் முட்டை காட்டிக் கேட்டதில்லை.

பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றைச் சூடு பெட்டியாக மாற்றி வைத்திருந்தாள். ஒரு டப்பாவில், செடி நர்சரியில் விற்கிற வெள்ளைக் குருணையை ஈரமாக்கிப் போட்டு, முட்டைகளை வைத்தாள். பிறகு பென்சில் எடுத்து ஒவ்வொரு முட்டையின் மேலும் ஒரு பெருக்கல் குறி போட்டாள். நம் தொழிலின் குறி அல்லவா அது. "அடியில சைபர் போடலியா?" என்றேன். "ஒரு பக்கம் போதுமுங்க மாமா" என்று சிரித்தாள்.

ஏன் ஒரு பக்கம் போதும் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் எதற்கு அதில் கை வைக்கப்போகிறேன்.

நாலாம் நாள் அவளுக்கு வேலை விஷயமாகப் பன்னிரண்டு நாள் பயிற்சிக்குப் புனே போக வேண்டியிருந்தது. மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தாள், கம்பெனியில் விடவில்லை. போகும்போது என்னிடம், "கதவத் தொறக்கவே வேண்டாம் மாமா. வெளிய தெரியற சூட்டு நம்பர மட்டும் காலையில ஒருக்கா, சாயந்தரம் ஒருக்கா எனக்குச் சொல்லுங்க. முப்பத்தொண்ணரை இருக்கோணும்" என்றாள். சரி என்றேன்.

முதல் நாள் காலை நம்பரைச் சொன்னேன். முப்பத்தொன்றரை. போனை வைத்துவிட்டு ஜாங்கிரியைப் பார்க்கப் போனேன். முட்டையை எடுத்தபிறகு வாணி அதை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, பெட்டியில் தேங்காய்நார்த் தூளையும் மாற்றியிருந்தாள். முட்டை வாசனை போனால்தான் அது மறந்து சாப்பிடுமாம். அது மறக்கவில்லை. வெறும் தூளைச் சுற்றிக்கொண்டு, நடுவில் முட்டை அளவுக்கு இடம் விட்டுக் கிடந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு ஒரு நினைப்பு வந்தது. கோழிக்கு அலகு இருக்கிறது, காலிருக்கிறது, திருப்பிக்கொள்ளும். இதற்குக் கையுமில்லை காலுமில்லை. பாவம், இது எப்படித் திருப்பும்? வாணி படித்த பெண், ஆனால் முட்டை அறியாதவள். புத்தகத்திலும் போனிலும் பார்த்ததுதானே. திருப்பாமல் வைத்தால் ஏழும் ஓட்டில் ஒட்டிப் போய்விடுமே. திரும்பி வந்து பார்த்து அழுவாளே.

கதவைத் திறந்தேன்.

திறந்ததும் அந்தச் சூடு முகத்தில் அடித்தது. அது எனக்குப் பழக்கமான சூடு. ஈரச் சூடு. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, முதல் முட்டையை எடுத்துக் குறி அடியில் போகிற மாதிரித் திருப்பி வைத்தேன். அடுத்தது. அடுத்தது. ஐந்தையும் திருப்பினேன். ஒட்டிக்கொண்டிருந்த இரண்டையும் திருப்பப் பார்த்தேன், தோல் கிழிந்துவிடுமோ என்று பயந்து அப்படியே விட்டுவிட்டேன். மத்தியானம் மறுபடி ஐந்து. சாயங்காலம் மறுபடி. சாயங்காலம் போனில் வாணி, "நம்பர் எவ்வளவுங்க மாமா?" என்றாள். முப்பத்தொன்றரை என்றேன். பொய்யில்லை.

பன்னிரண்டு நாள். நாளைக்கு மூன்று தடவை. ஒரு தடவை தவறவில்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் அந்தப் பன்னிரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். காலையில் எழுந்திருக்க ஒரு காரியம் இருந்தது. அவள் வந்ததும் சொல்ல ஒரு வாக்கியம்கூட வைத்திருந்தேன். ஏழும் பொரிக்கட்டும், அப்புறம் சொல்வேன்: கண்ணு, திருப்புனது யாருன்னு தெரியுமா?

இருபத்தொன்று போகிறது. முயல்.

வாணி வந்த அன்று குளிக்கக்கூட இல்லை, நேரே பெட்டிக்குத்தான் போனாள். விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். நானும் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நரம்பைக் காணோம். கலங்கிய மஞ்சள். அடுத்த முட்டை, அதுவும் அப்படி. ஐந்தும் அப்படி. ஒட்டிய இரண்டில் மட்டும் சிவப்பு நரம்பு தடித்து, உள்ளே ஏதோ அசைந்தது. அவள் விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ஒரு வாரத்தில் ஐந்தும் குழிந்து, பூஞ்சை பிடித்து, வாசனை வந்துவிட்டது. கூமுட்டை வாசனை. எந்த முட்டையானாலும் அந்த வாசனை ஒன்றுதான்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. ஒட்டிய இரண்டு மட்டும் எப்படிப் பிழைத்தது என்று யோசித்தேன். அவள் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "இல்லீங்க, வெச்ச குறி வெச்ச எடத்துலயே இருக்குதுங்க. மாமா தொடவே இல்லீங்க. திரும்பியிருந்தாத்தான் உள்ள கரு மூழ்கிச் சாகும், குறியெல்லாம் மேலதான் இருக்குது." அப்போதுதான் தெரிந்தது. பாம்பு முட்டையில் கரு ஒருநாள் இரண்டுநாளில் மேல்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் திருப்பினால் அது தன் முட்டைக்குள்ளேயே மூழ்கிச் செத்துப்போகும். அதற்காகத்தான் அந்தக் குறி. திருப்பக் கூடாது என்பதற்கான குறி.

கையும் காலும் இல்லாத உயிருக்கு, திருப்பத் தேவையில்லாத முட்டையைத்தான் கடவுள் கொடுத்திருக்கிறான். அது எனக்குத் தோன்றவில்லை. கையில்லாததற்கு நான் கை கொடுக்கப் போனேன்.

குறி எப்படி மேலே இருந்தது என்று கேட்கிறீர்களா? அது பழக்கம். ஹேச்சரியில் கடைசித் திருப்பலில் பெருக்கல் மேலே வரவேண்டும் என்பது முறை. அவள் வருகிற அன்று காலையில் திருப்பி, குறியை மேலே வைத்தேன். பழக்கம்தான். மறைக்க வேண்டும் என்று நினைத்தேனா? அன்றைக்கு என்ன நினைத்தேன் என்று நான் எனக்கே நூறு தடவை கேட்டுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பாதி சொல்லி என்ன பிரயோஜனம். அவள் காரணம் சொல்லவில்லை என்றேனே. சொன்னாள். ரயிலுக்குப் போக ஆட்டோவில் ஏறிய பிறகு, தலையை வெளியே நீட்டி, "மாமா, இது கோழி முட்டையில்லைங்க. எது மேல இருக்குதோ அது மேலயே இருக்கோணும், அசைச்சா உசுரு போயிரும்" என்றாள். ஆட்டோச் சத்தம். ஆனால் கேட்டது. நன்றாகவே கேட்டது. நான் தலையை ஆட்டினேன். உள்ளே வரும்போது என்ன நினைத்தேன் தெரியுமா? முப்பத்தொரு வருஷம் முட்டை திருப்பியவனுக்கு நேற்றைக்குப் பிறந்தது பாடம் எடுக்கிறது என்று நினைத்தேன். முட்டை திருப்ப ஆள் எதுக்கு என்று பொங்கியண்ணன் சொன்னது அந்த ஆட்டோவுக்குள்ளிருந்து மறுபடி கேட்கிற மாதிரி இருந்தது. சொன்னது அவள். எனக்குக் கேட்டது அவன் குரல்.

ஆனியில் அந்த இரண்டும் பொரித்தது. ஐம்பத்தெட்டாம் நாள். தோலை உள்ளிருந்தே கீறி, மூக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க உலகத்தைப் பார்த்தன. அப்புறம்தான் வந்தன. விரல் தடிமன், கருப்பும் பழுப்பும் எண்ணெய் தேய்த்த மாதிரி மினுமினுப்பு. வாணி அழுதாள். அழுதுகொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பாத்துக்கிட்டதாலதானுங்க மாமா இந்த ரெண்டாச்சும் தப்பிச்சுது" என்றாள். பொங்கியண்ணன் பிடித்த அதே கை. நான் கையை உருவிக்கொண்டு, எலி எடுத்து வைக்கிறேன் என்று போய்விட்டேன். பிறந்த குட்டி பத்து நாளைக்கு ஒன்றும் சாப்பிடாது. அதுகூட அப்போது தோன்றவில்லை.

அத்தோடு போயிற்றா? போகவில்லை. இப்படி வளர்க்கிறவர்கள் ஐம்பது அறுபது பேர் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள், ஒரு மண்டபத்து மாடியில். வாணி என்னையும் கூட்டிப்போனாள். புது வேட்டி எடுத்துக் கொடுத்தாள். அங்கே மைக் இருந்தது. முதல் தடவை முட்டை எடுத்தவர்கள் பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போய் நின்று அவள் பேசினாள். "எனக்கு ஏழுல ரெண்டுதான் வந்துது. அந்த ரெண்டும் என்ற மாமனார் சென்னியப்பனாலதான். முப்பத்தொரு வருசம் முட்டையோட இருந்தவரு. நான் ஊர்ல இல்லாதப்ப பன்னண்டு நாளு பெட்டி பக்கத்துலயே இருந்தாரு. மாமா, எந்திரிச்சு நில்லுங்க" என்றாள்.

மைக்கில். என் பேர். எல்லாருக்கும் முன்னால்.

எழுந்து நின்றேன். துண்டை எடுத்துக் கும்பிட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள். எத்தனை வருஷம் அந்தக் கைதட்டலை மனசுக்குள் கேட்டிருக்கிறேன், வந்தது பாருங்கள், வந்து சேர்ந்த இடத்தைப் பாருங்கள். ஐந்து உயிரைக் கொன்றவனுக்கு. கும்பிட்ட கையை இறக்காமலே நின்றேன். வயசாகிவிட்டது என்று பக்கத்திலிருந்தவர் பிடித்து உட்கார வைத்தார்.

அந்தக் கூட்டத்தில்தான் சேலத்துக்காரர் ஒருவர், பெரிய அனுபவசாலியாம், வாணியிடம் சொன்னார். "சூடு சரி, ஈரம் சரி, குறியும் நகரலைன்னா கோளாறு தாய்லதான். உள்ள ஏதாவது நோய் இருக்கும். டாக்டர்ட்டக் காட்டும்மா. இருந்துதுன்னா மறுபடி ஜோடி சேக்காத. என்கிட்டக் கொடுத்திரு, எங்கூட்ல தனியா ஒரு மூலையில கெடக்கட்டும்." வாணி அன்றிலிருந்து ஜாங்கிரியைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. ஆறு வருஷம் தோளில் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் பார்த்தவள், இப்போது பெட்டிக்கு வெளியே நின்று பார்க்கிறாள். இன்றைக்கு டாக்டர் ஒரு சந்தேகம் சொன்னாலும் போதும், ஜாங்கிரி சேலம் போய்விடும்.

இதோ மடியில் கனக்கிறதே, இதுதான் பழி சுமக்கிறது. வாயில்லாத ஜீவன். மூன்று நாள் கரி அடுப்புப் புகையில் நின்றவனுக்குப் பேர் கிடைக்கவில்லை என்று இத்தனை வருஷம் பேசுகிறேன். மூன்று மாசம் பட்டினி கிடந்து ஏழு முட்டை இட்டதற்கு என்ன பேர் கிடைத்தது? நோய்க்காரி என்று.

அவளிடம் சொல்ல வேண்டியதுதானே என்கிறீர்கள். சொல்லத்தான் காலையிலிருந்து பார்க்கிறேன். வண்டியில் பின்னால் உட்கார்ந்து மூன்று தடவை வாயைத் திறந்தேன். காற்று அடித்தது. ஐந்து முட்டை போனது கூடப் பெரிதில்லை. மைக்கில் சொன்ன பேரை எப்படித் திருப்பிக் கொடுப்பது? அவளை அத்தனை பேருக்கு முன்னால் பொய்க்காரியாக்கிவிட்டேனே. எனக்கு ஒரு வார்த்தை தராதவன்மேல் எனக்கு இவ்வளவு கோபம். கொடுத்த வார்த்தை தப்பானது என்று தெரிந்தால் அவளுக்கு என்மேல் எவ்வளவு இருக்கும்?

இருபத்திரண்டு போய்விட்டது. இதோ அவளே வருகிறாள். ஒன்றும் காட்டிக்கொள்ளாதீர்கள்.

"வா கண்ணு. இவுரு பல்லடமாம்."

"பல்லடமுங்களா! அப்ப ஹேச்சரிக் கதை முழுசும் கேட்டிருப்பீங்களே. புயல் வரைக்கும் வந்துட்டாருங்களா மாமா?"

"வந்துட்டனம்மா. ஹேச்சரிக் கதைதான் சொல்லிட்டிருந்தேன்."

"பைய இப்படிக் கொடுங்க மாமா, கை வலிக்கும்."

"இருக்கட்டும். வாணி, பாம்பு மேல தப்பிருக்காது கண்ணு."

"எனக்கும் அப்படித்தானுங்க மாமா தோணுது. ரா முச்சூடும் யோசிச்சேன். தப்பு என்ற மேலதான். நான் புனே போயிருக்கக் கூடாது. வேலை போனாப் போகுதுன்னு இருந்திருக்கோணும்."

"அப்படியில்ல கண்ணு. அது வந்து..."

"உடுங்க மாமா. நீங்க எதுக்குக் கண்ணத் தொடைக்கறீங்க? வாங்க, நம்ம நம்பரக் கூப்புடறாங்க."

பார்த்தீர்களா? சொல்ல ஆரம்பித்தேன், நீங்களே பார்த்தீர்கள். இப்போது தப்பு அவள்மேல் போய்விட்டது. உள்ளே போய்ச் சொல்லிவிடுகிறேன். முட்டையை யாராவது அசைத்தீர்களா என்று டாக்டர் கட்டாயம் கேட்பார், படித்தவர் கேட்காமல் இருக்கமாட்டார். கேட்டால் சொல்லிவிடுவேன். கேட்டால்.

இதோ வந்துவிட்டேன் கண்ணு, நீ முன்னால் போ.

நீங்கள் பல்லடம் போனால் அந்தச் சிமெண்டுச் சேவல் வாசலில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். பொங்கியண்ணன் இருந்தால், சென்னியப்பனைப் பார்த்தேன் என்று சொல்லுங்கள். பாம்பு விஷயம் வேண்டாம். அன்றைக்கு மைக்கில் அவன் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் நான் அந்தக் கதவைத் திறந்திருக்கமாட்டேன். அவனுக்கு இது புரியாது. அந்த வார்த்தை இன்னும் பாக்கி இருக்கிறது, அதை மட்டும் சொல்லுங்கள்.